மனநலச் சிக்கலுக்கும் குடிநோய்க்கும் உதவி: எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் ஒருவர் சில வாரங்களாகச் சரியாகத் தூங்குவதில்லை, தெருவில் எல்லாரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறார். இன்னொரு வீட்டில் காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு குவாட்டர் உள்ளே போனால்தான் பல்லே துலக்குகிறார். இதைப் பார்த்து மிரண்டுபோன குடும்பம் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: "சென்னையில் நல்ல டாக்டர் யாராவது தெரியுமா?" என்று சொந்தபந்தத்தில் விசாரிப்பது. கார் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாகப் போய், பெரிய டாக்டரைப் பார்த்து, பை நிறைய மாத்திரையோடு திரும்பி வருவார்கள். இரண்டாவது தடவையும் போவார்கள். மூன்றாவது தடவைக்கு லீவும் இருக்காது, காசும் இருக்காது. மாத்திரை நின்றுபோகும், பழைய கதை திரும்பும்.

மாதாமாதம் போய்வர வேண்டிய வியாதிகள் இவை. அதனால் முதலில் தேட வேண்டியது பெரிய பெயரை அல்ல, டவுன் பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய ஓர் இடத்தை. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பெரிய போர்டு இல்லாததால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இப்போதே ஆபத்து என்றால்

மற்றதையெல்லாம் அப்புறம் படிக்கலாம். விஷம் குடித்துவிட்டார், மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டார், வலிப்பு வந்துவிட்டது, கத்தியை எடுத்துவிட்டார் என்றால் 108. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். "போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்ற பயத்தில் வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்து நேரத்தைப் போக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115ஆவது பிரிவு. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். அதை நினைத்து ஒரு நிமிடமும் தள்ளிப்போடாதீர்கள்.

சாவைப் பற்றிப் பேசுகிறார், ஆனால் இன்னும் எதுவும் செய்துகொள்ளவில்லை என்றால், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டபிறகு தனியாக விடாதீர்கள். விவசாய வீடாக இருந்தால் பூச்சிமருந்து டப்பாவை அன்றைக்கே வேறு யார் வீட்டுக்காவது கொண்டுபோய் வையுங்கள். பரண்மேல் ஒளித்துவைத்தால் போதாது, அவருக்கும் பரண் தெரியும்.

ஒரு போன் போதும், தொடங்குவதற்கு

14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் இது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. அம்மாவோ மனைவியோ பிள்ளையோ கூப்பிட்டு, "என் வீட்டில் இப்படி நடக்கிறது, என்ன செய்வது, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எங்கே போவது?" என்று கேட்கலாம்.

குடி, கஞ்சா, மாத்திரைப் போதை என்றால் 14446. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண். அந்த அமைச்சகத்தின் நிதியுதவியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. பக்கத்தில் எது என்று இங்கே கேட்கலாம்.

யாரிடமாவது மனதைக் கொட்ட வேண்டும், டாக்டர் எல்லாம் அப்புறம் என்று தோன்றுகிறவர்களுக்கு 1986 முதல் சென்னையில் இயங்கும் ஸ்நேகா இருக்கிறது: 044-24640050. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம் அது. எதிர்முனையில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். புத்திமதி சொல்ல மாட்டார்கள், காதுகொடுத்துக் கேட்பார்கள். நம் வீடுகளில் அதற்குத்தான் பஞ்சம்.

பக்கத்து ஊர் ஜி.எச்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போய் ஓ.பி. சீட்டு போடும்போது "மனநலப் பிரிவு" என்றோ "சைக்யாட்ரி" என்றோ சொன்னால் அறை எண்ணைச் சொல்வார்கள். மருந்தும் இலவசம்.

மாவட்டத் தலைநகரமே தூரம் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தைக் கேளுங்கள். அந்தத் திட்டத்தின் மனநல மருத்துவரும் குழுவினரும் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருவார்கள். எந்தக் கிழமை எந்த ஊர் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அதைத் தெரிந்துகொள்ள இணையத்தில் தேடுவதைவிட, உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவரிடம் கேட்பது மேல். கிராமமாக இருந்தால் ஊருக்கு வரும் நர்ஸம்மாவிடமோ, மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவந்து தரும் தன்னார்வலரிடமோ கேட்கலாம். மனநல மாத்திரை அவர்கள் பையில் இருக்காவிட்டாலும் மனநல டாக்டர் வரும் நாளை விசாரித்துச் சொல்ல அவர்களால் முடியும்.

கூட்டம் இருக்கும். டாக்டருக்கு உங்களோடு பேசச் சில நிமிடங்களே கிடைக்கும். அதனால் முந்தின நாள் ராத்திரியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், இந்த மாதிரி அரைப் பக்கம்: "பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணி நேரம்தான் தூக்கம். சாப்பாட்டில் ஏதோ கலந்திருப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ளுகிறான். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். சித்தப்பாவுக்கு இதுபோல் வந்திருக்கிறது. குடி இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறான்." எப்போது தொடங்கியது, தூக்கம், சாப்பாடு, வேலை, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, போதைப் பழக்கம், மற்ற மாத்திரைகள் எல்லாம் இதில் வந்துவிட்டன. வரிசையில் நின்று களைத்தபிறகு இதையெல்லாம் வாயால் சொல்ல முயன்றால் பாதி மறந்துபோகும், மீதி அழுகையில் போகும். பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

டாக்டரிடமிருந்து கிளம்புவதற்கு முன் இன்னும் மூன்று விஷயங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரை வேலை செய்ய எத்தனை நாளாகும், முதல் வாரத்தில் என்ன தொந்தரவு வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலனைக் காட்ட இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். வாய் வறட்சியும் வயிற்றுப் புரட்டலும் மட்டும் முதல் நாளே வந்துவிடும். இது தெரியாமல் நான்காம் நாளே மாத்திரையைத் தூக்கிப்போட்டவர்கள் ஏராளம்.

தனியார் ஆலோசகரிடம் போவதானால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்து எழுதித் தருபவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவுசெய்த டாக்டராக இருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் போகாதீர்கள்.

"எனக்கென்ன பைத்தியமா?"

அநேகமாக இந்தக் கேள்வியில்தான் எல்லாம் நின்றுபோகும். வரமாட்டேன் என்கிறவரைப் பொய் சொல்லி, "கல்யாணத்துக்குப் போகிறோம்" என்று ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். ஒரு தடவை அது பலிக்கும். அதற்கப்புறம் அவர் உங்களை நம்பமாட்டார், நீங்கள் கொடுக்கும் மாத்திரையையும் நம்பமாட்டார்.

முதலில் நீங்கள் மட்டும் போங்கள். மனநலப் பிரிவில் இருக்கும் ஆலோசகர், சமூகப் பணியாளர் யாரிடமாவது நிலைமையைச் சொன்னால், எப்படிப் பேசி அழைத்துவருவது என்று சொல்லித்தருவார்கள். நோயை ஏற்றுக்கொள்ளாதவர்கூடத் தூக்கம் இல்லை என்பதை ஏற்றுக்கொள்வார். "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்பது பொய் இல்லை, அவருக்கு உண்மையிலேயே தூக்கம் இல்லை. அவர் மதிக்கும் ஓர் ஆளை, அது மாமாவோ பழைய வாத்தியாரோ, பேசச் சொல்லுங்கள். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து பஞ்சாயத்து வைத்தால் கதவைச் சாத்திக்கொள்வார்.

குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ வேண்டிக்கொண்டு போகிறவர்களிடம் போகாதே என்று நான் சொல்வதில்லை. மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். விபூதியோடும் தாயத்தோடும் மாத்திரை சண்டை போடாது. ஆனால் கட்டிப்போடும் இடத்தில் மட்டும் ஒருவரையும் விட்டுவராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டம் அடியோடு தடைசெய்கிறது.

குடிநோய்க்குத் தனிக் கவனம்

"நாளைக்கே நிறுத்துகிறேன்" என்று தினமும் நிறையக் குடிப்பவர் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. வருடக்கணக்காக அன்றாடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளிடம் பேசுவார், ராத்திரியில் எழுந்து ஓடுவார். பேய் பிடித்துவிட்டது என்று பலர் மந்திரிக்கப் போவது இந்தக் கட்டத்தில்தான். இது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பு ஒரு தடவை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் டாக்டர் இல்லாமல் நிறுத்தவே கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டு, சில நாட்களில் அந்தக் கட்டத்தைப் பத்திரமாகக் கடத்திவிடுவார்கள். ஜி.எச். மனநலப் பிரிவுகளே இதைச் செய்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவர்களிலும் யூடியூபிலும் விளம்பரம் வரும். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து உண்டு. அதை எடுத்துக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துபோகும். சிலருக்கு உயிரே போகலாம். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. ரசத்தில் கலந்து கொடுப்பதற்கில்லை.

குடியை நிறுத்துவது சில நாள் வேலை, குடிக்காமல் இருப்பது வருடக்கணக்கான வேலை. இரண்டாவதற்கு ஏ.ஏ. கூட்டங்கள் இருக்கின்றன. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதைத்தான் எல்லாரும் ஏ.ஏ. என்கிறார்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது, தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கிறது. பெரும்பாலும் சர்ச்சை ஒட்டிய அறையிலோ பள்ளிக்கூட வகுப்பிலோ சாயங்காலம் கூடுவார்கள். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசமாட்டார்கள். அப்புறம் அடுத்தவர். கட்டணம் கிடையாது, எந்த ஊர், என்ன ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டும் வரலாம். சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களோ என்று கேட்கிறார்கள். இடம் மட்டும்தான் சர்ச்சுடையது.

அதைப் போலவே தனியாக இயங்கும் இன்னொரு அமைப்பு அல்-அனான். குடிப்பவரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் கூடும் இடம். கணவர் இன்னும் குடித்துக்கொண்டேயிருந்தாலும் மனைவி போகலாம். கடனை அடைப்பதா, ஆபீசுக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று பொய் சொல்வதா, வாந்தியைக் கழுவுவதா என்று தினமும் தனியாகத் தவிக்கும் பெண்களுக்கு, அதே தவிப்பில் இருந்த இன்னொரு பெண் பேசுவது எந்த டாக்டர் பேச்சையும்விட உறைக்கும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு டி.டி.கே. மருத்துவமனை தெரிந்திருக்கலாம். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து அனுப்பாமல் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசும் முறை அங்கே உண்டு. எந்த மையத்துக்குப் போனாலும் அதைக் கேளுங்கள்: "எங்களுக்கு என்ன சொல்லித் தருவீர்கள்?"

மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதற்கு முன்

"ஒரு போன் பண்ணுங்க, வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடறோம்" என்று சொல்லும் மையங்கள் இருக்கின்றன. நான்கு தடியன்கள் ராத்திரி வந்து ஆளைக் கட்டித் தூக்கிப்போவார்கள். சலித்துப்போன குடும்பத்துக்கு அது நிம்மதியாகக்கூட இருக்கும். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று மூன்று மாதம் யாருக்கும் தெரியாது.

குடி, போதையால் வரும் மனநிலைகளையும் 2017 சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆட்களைச் சேர்த்துத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். நோயாளியின் சம்மதமில்லாமல் சேர்ப்பதென்றால் ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவர் அல்லது மனநல வல்லுநரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதிலும் முதலில் 30 நாள்தான். தடியன் வந்து தூக்குவதற்கு அதில் இடமே இல்லை.

சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை நேரில் போங்கள், முடிந்தால் சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரியில் நர்ஸ் இருக்கிறாரா, வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். கக்கூசைப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். அங்கே ஏற்கெனவே இருப்பவர் ஒருவரிடம் தனியாக ஐந்து நிமிடம் பேச விடச் சொல்லுங்கள். "முதல் மாதம் குடும்பத்தார் பார்க்கவே கூடாது, போனும் கிடையாது" என்று கறாராகச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். பணம் எவ்வளவு, பாதியில் கூட்டிவந்தால் திரும்பக் கிடைக்குமா, வெளியே வந்தபிறகு யார் தொடர்ந்து பார்ப்பார்கள் என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத மையங்கள்தான் அதிகம்.

நாள்பட்டது என்றால்

மனச்சிதைவு போன்ற நீண்டகால நோய்களுக்கு மாத்திரை பாதி, அன்றாடப் பழக்கங்களும் வேலையும் மீதி. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993 முதல் வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக இயங்கும் பான்யன் ஆகிய அமைப்புகள் இதில் அனுபவம் உள்ளவை. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் சினிமா ஜோக்குகளில் அடிபட்டே பெயர் கெட்டுப்போனது. அங்கேயும் மற்ற ஆஸ்பத்திரிகளைப்போல ஓ.பி.யில் காட்டி, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

நோயால் வேலைக்குப் போக முடியாத நிலை நீடித்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மனநோயும் அதில் சேர்த்திதான். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று அரசு மருத்துவர்கள் சான்று தர வேண்டும். கலெக்டர் ஆபீசில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் என்னென்ன உதவி கிடைக்கும் என்று தெரியும். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் 2017 சட்டத்தில் இருக்கிறது.

அட்டை, காப்பீடு எல்லாம் மெதுவாக நடக்கட்டும். மாத்திரை மட்டும் அறுந்துபோகக் கூடாது. மனநல டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார் என்றால், அந்த நாளில் அரசு விடுமுறை வந்துவிட்டால் அடுத்த வாரம்வரை மாத்திரை இருக்காது. அதனால் கடைசி அட்டையைப் பிரிக்கும்போதே காலண்டரைப் பார்த்துவிடுங்கள். பொங்கல், தீபாவளி வருகிற மாதமானால் முந்தின தடவையே சொல்லி இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓ.பி. நோட்டைக் காட்டினால் பெரும்பாலும் தருவார்கள். வேறு ஊருக்குக் குடிபெயர்வதாக இருந்தால் அந்த நோட்டை ஒரு தடவை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, புது ஊர் ஜி.எச்.சில் அதைக் காட்டித் தொடருங்கள்.